வயிறு ஏன் கடமுடாங்குது?

பரீட்சை நேரத்தில் வகுப்பே அமைதியா இருக்கும்போது யாரோ ஒருத்தர் வயிறு 'கொர்ர்'ன்னு சத்தம் போடும். உடனே பின்பெஞ்சில் கிளுக்குன்னு ஒரு சிரிப்பு. சிரிக்கிறவங்களுக்கு ஒரு செய்தி: நல்ல ஆரோக்கியமா இருக்கிற மனுஷனுக்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 முதல் 20 தடவை வாயு பிரியும். கலெக்டருக்கும் சரி, நமக்கும் சரி, இதில் விலக்கே கிடையாது!

இந்தக் கேலிக்குப் பயந்து, சத்துணவில் கொண்டைக்கடலை போடுற நாளில் தட்டையே எடுக்காமல் இருக்கிறவங்க உண்டு. அது பெரிய அநியாயம். புரதம் நிறைந்த சாப்பாட்டை வெட்கத்துக்காக விடலாமா?

கடலை, மொச்சை, பட்டாணி சாப்பிட்டா ஏன் வயிறு ஊதுது? இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் 'வாங்க வாங்க'ன்னு காத்திருக்கும்! அவை இந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் வாயுவும் உண்டாகும். இந்த மூன்றுக்கும் வாசனையே கிடையாது. நாற்றம் வருவது மிகக் குறைந்த அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால்தான்.

இதுக்கு வழி நம்ம வீட்டு அடுக்களையிலேயே இருக்கு. கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணியைக் கீழே கொட்டிட்டு, புதுத் தண்ணியில் வேக வைக்கணும். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு நீரில் கரைந்து வெளியேறிவிடும். கொஞ்சம் வைட்டமினும் கூடவே போகும், பரவாயில்லை. முளைகட்டினால் இன்னும் நல்லது. விதை முளைப்பதற்கு அந்தச் சர்க்கரையைத் தானே உடைத்துச் செலவழித்துக்கொள்ளும். ரொம்ப நாளா பயறே சாப்பிடாதவங்க முதல் நாளே கிண்ணம் நிறைய சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சில வாரத்தில் குடல் பழகிடும்.

சுண்டலில் பெருங்காயம் போடுறது நம்ம வழக்கம். அது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், ஈரான் நாடுகளில் விளைவது. நம் நாட்டிலும் 2020-இல் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட்டுப் பயிரிட ஆரம்பித்தார்கள். சுக்கு, இஞ்சி இரண்டும் இரைப்பை சீக்கிரம் காலியாக உதவும். ஓமத்தின் காரமான வாசனைக்குக் காரணம் தைமால் என்ற பொருள். பூண்டு விஷயம்தான் வேடிக்கை! வாயுவுக்கு மருந்துன்னு பாட்டிமார் சொல்வாங்க. ஆனால் பூண்டிலேயே புளிக்கும் சர்க்கரை இருக்கிறது. சிலருக்கு அதுவே உப்புசத்தைக் கூட்டும்.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் மோர் குடித்துப் பாருங்கள். பாலில் உள்ள லாக்டோஸில் ஒரு பகுதியைத் தயிர் உறையும்போதே பாக்டீரியா தின்றுவிடும்.

இன்னொரு காரணம் நாமே விழுங்கும் காற்று. மணி அடிக்கப் போகுதுன்னு சோற்றை அள்ளிப் போட்டுக்கிட்டே பேசினால், சோறு பாதி காற்று பாதிதான் உள்ளே போகும். மென்று சாப்பிட்டுவிட்டு, மைதானத்தில் மெதுவா நாலு சுற்று நடந்தாலே வயிறு லேசாகும். கோலி சோடா குடிச்சதும் பெரிய ஏப்பம் வந்து, 'அப்பாடா, கேஸ் போயிடுச்சு'ன்னு சொல்றோமே? அது பெரும்பாலும் சோடாவுக்குள்ளே இருந்த வாயுதான்! காசு கொடுத்து வாங்கி வெளியே விடுகிறோம்.

எல்லா வலியும் வாயு இல்லை. இதை வீட்டிலும் சொல்லுங்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கூடவே காய்ச்சல், வாந்தி என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும். தாத்தா, பெரியப்பா யாராவது நெஞ்சு இறுக்கமா இருக்கு, வியர்க்குது, இடது கை வலிக்குதுன்னு சொன்னால், 'வாய்வுப் பிடிப்புதான்'ன்னு ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைக்காதீங்க. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க.