மெதுவான விளையாட்டுகள் – 7: களை மண்டிய தீவு

சென்ற வாரம் பார்த்த யசுஹிரோ வாடாவின் பண்ணை விளையாட்டில், ஆட்டத்தை அணைத்தால் காலமும் நின்றுவிடும். எத்தனை மாதம் கழித்துத் திறந்தாலும் மாடு அதே கொட்டகையில் நிற்கும், விதைத்தது அதே உயரத்தில் இருக்கும். நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்' தொடர் அப்படி நமக்காகக் காத்திருக்காது. கன்சோலின் கடிகாரம்தான் அதற்கும் கடிகாரம். இங்கே பொழுது சாய்ந்தால் அங்கேயும் சாயும். நாம் எட்டிப் பார்க்காத நாட்களும் அங்கே கழிந்துகொண்டேதான் இருக்கும். நெடுநாள் விட்டிருந்து இப்போது மறுபடி அதிலுள்ள என் தீவுக்குப் போய்வருகிறேன். இந்தத் தொடரின் உயிர் அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இதன் கரு கட்சுயா எகுச்சி என்பவருடையது. டோக்கியோவை ஒட்டிய சிபாவிலிருந்து 1986இல் நின்டெண்டோ வேலைக்காகக் கியோட்டோவுக்கு வந்தவர். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3'இன் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர், 'ஸ்டார் ஃபாக்ஸ்' ஆட்டத்தை இயக்கியவர். சொந்த ஊரை விட்டு வந்த பிறகே குடும்பமும் நண்பர்களும் பக்கத்தில் இருப்பதன் அருமை தெரிந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் வேலை முடிந்து வீடு சேர நேரமாகிவிடும். அதற்குள் வீட்டார் விளையாடி முடித்திருப்பார்கள். ஒரே நேரத்தில் சேர்ந்து உட்கார முடியாதவர்களும் சேர்ந்து ஆட ஓர் ஊரை உருவாக்கினார். நான்கு பேர் அங்கே குடியிருக்கலாம். ஒருவர் பகலில் எழுதிப் போட்ட கடிதத்தை இன்னொருவர் இரவில் வந்து படிக்கலாம்.

முதல் ஆட்டம் 2001 ஏப்ரலில், ஜப்பானில் மட்டும், நின்டெண்டோ 64க்கு வந்தது. 64டிடி என்ற துணைக்கருவிக்காகத்தான் அதை முதலில் திட்டமிட்டார்கள். அந்தக் கருவியில் கடிகாரம் இருந்தது. கருவி சந்தையில் எடுபடவில்லை. ஆட்டத்தைக் கேசட்டுக்கு மாற்றியபோது கடிகாரத்தைக் கைவிடாமல் கேசட்டுக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள். அன்று அதை விட்டிருந்தால், அழகான பொம்மை வீடு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

ஸ்விட்ச் கன்சோலுக்கு 'நியூ ஹொரைசன்ஸ்' வந்த நாள் 2020 மார்ச் 20. உலகமே கதவடைத்துக்கொண்ட நேரம். பிரிந்திருந்த நண்பர்கள் ஒருவர் தீவுக்கு ஒருவர் விமானமேறிப் போனார்கள், நின்றுபோன கல்யாணங்களைக்கூட அங்கே நடத்திப் பார்த்தார்கள். 4 கோடிக்கும் மேல் விற்றது. ஊரடங்கு தளர்ந்ததும் பலர் விட்டுப் போனார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

திரும்பிப் போனால் என்ன இருக்கும்? முதலில் களை. கடற்கரையைத் தவிர மற்ற இடமெல்லாம் களை. வீட்டுக்குள் கரப்பான் பூச்சி. நம் பாத்திரம் கலைந்த தலையோடு எழுந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கி விற்காமல் போட்டிருந்த டர்னிப் கிழங்கு என்றோ அழுகியிருக்கும். பூக்கள் மட்டும் பெருகிக் கிடக்கும். முந்தைய ஆட்டங்களில் தண்ணீர் விடாத பூச்செடி வாடிச் செத்துவிடும்; இதில் மழை பெய்தால் தானே பெருகும். தீவிலிருக்கும் டாம் நூக்கிடம் வீட்டுக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. சேமிப்புக்கோ வட்டி வந்திருக்கிறது! இப்படி ஒரு கடன்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அக்கம்பக்கத்தாரான விலங்குகள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். எல்லாம் யாரோ எழுதி வைத்த வசனம்தான், தெரியும். தெரிந்தும் மனசு பதில் தேடுகிறது.

ஒரு குறை எனக்கு உண்டு. பழைய ஆட்டங்களில் நாம் இல்லாத நேரத்தில் அண்டை வீட்டார் ஊரை விட்டே போய்விடுவார்கள். பழகியவர் வீடு இருந்த இடத்தில் வெற்று மனை கிடக்கும். 'நியூ ஹொரைசன்ஸி'ல் நம்மிடம் கேட்காமல் யாரும் போவதில்லை. திரும்பி வருபவருக்கு அது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பழைய முறைதான் உண்மையானது என்பேன். போவதற்கு உரிமை உள்ளவர் போகாமல் இருப்பதில்தான் அன்பு தெரிகிறது. சொந்த ஊரைப் பிரிந்த ஒருவர் கருக்கொண்ட ஆட்டத்தில், பிரிவு இவ்வளவு எளிதாகத் தடுக்கப்பட்டிருக்க வேண்டாம்.

2026 ஜனவரியில் இந்த ஆட்டத்துக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. அதில் ரெசெட்டி என்ற அகழெலி தீவின் இடங்களைச் சுத்தம் செய்து தருகிறது. பழைய ஆட்டங்களில் சேமிக்காமல் கன்சோலை அணைத்தவர்களை நிற்க வைத்துத் திட்டித் தீர்த்த அதே ரெசெட்டிதான். அவசரக்காரர்கள் தாராளமாக அதைக் கூப்பிடலாம். களையை மட்டும் கையால் பிடுங்குங்கள் என்று சொல்வேன். பிடுங்கிக்கொண்டே போகும்போதுதான் பாலம் எங்கே போட்டோம், எந்தப் பாறைக்குப் பின்னால் பேரிக்காய் மரம் நட்டோம் என்பதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நடுவில் ஒரு தவளை வந்து பேச்சுக் கொடுக்கும். ஒரே மூச்சில் முடிக்கவும் தேவையில்லை. ஆற்றின் இந்தக் கரை இன்று, அந்தக் கரை நாளை.

கன்சோலின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, விட்டுப்போன நாளிலிருந்தே தொடர்பவர்களும் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம். நான் தேதியைத் தொடவில்லை. போகாமல் இருந்த நாட்கள் என்னுடையவை. அவை தீவில் களையாக முளைத்திருப்பது எனக்குச் சம்மதமே. வட அரைக்கோளத்தைத் தேர்ந்தெடுத்ததால் டிசம்பரில் அங்கே பனி கொட்டும். வெளியே நம் வடகிழக்குப் பருவமழை. நேரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

அடுத்த வாரம், அந்த ஊர்களில் சனிக்கிழமைதோறும் கிட்டார் வாசிக்கும் வெள்ளை நாயையும், அதற்கு இசை தந்த கசுமி டோட்டகாவையும் பார்ப்போம்.