மண்வெட்டியும் ஜியோடேக்கும்

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 40,000 மாணவர்கள். அந்த முழுப்பெயர் சுற்றறிக்கைகளோடு சரி. கல்லூரியில் அது என்றைக்கும் என்.எஸ்.எஸ். தான்.

அன்றைய சிறப்பு முகாம் என்றால் பத்து நாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைத் தரையில் படுக்கை. விடிந்ததும் குளம் தூர் வாரவோ, வண்டிப்பாதைக்கு மண் கொட்டவோ கிளம்ப வேண்டும். முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம். "ஏம்ப்பா காலேஜு புள்ள, மம்பட்டிய இப்படியா புடிக்கிறது?" என்று பிடுங்கி இரண்டு கொத்துக் கொத்திக் காட்டும் பாட்டி ஊருக்கு ஒருவர் இருப்பார். மாணவர்கள் போட்ட பாதை அடுத்த ஐப்பசி மழையில் கரைந்தே போயிருக்கும். பொறியாளர் போட்டதே நிற்பதில்லை, விடுங்கள். ஆனால் குழாய் ஏன் ஊரோடு நின்றுவிட்டது, காலனித் தெருவுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி, பத்து நாள் அங்கேயே உண்டு உறங்கியவனுக்குத்தான் எழும்.

இன்றும் ஏட்டில் கணக்கு மாறவில்லை: இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம். முகாம் மட்டும் ஏழு நாளாகச் சுருங்கியிருக்கிறது. பல இடங்களில் காலையில் கல்லூரிப் பேருந்து கொண்டுபோய் விடுகிறது, மாலையில் அழைத்து வருகிறது. முதலில் இறங்குவது பேனர். கல்லூரிகளைத் தரமிடும் 'நாக்' மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பொறித்த ஜியோடேக் படம் இல்லாமல் ஒரு மரக்கன்றும் நடப்படுவதில்லை. நட்ட கன்றுக்கு மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்க அறிக்கையில் ஒரு கட்டமும் கிடையாது.

இதை வைத்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று பேசுவது அபாண்டம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே பால் பவுடர் தீர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் இரவெல்லாம் ஒருங்கிணைத்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் போக்குவரத்தைச் சீர்செய்ததும் குப்பை அள்ளியதும் அவர்களே. அதற்கெல்லாம் திட்ட அலுவலரும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை.

மாறியது கல்லூரிக்கு அவர்கள் மேல் இருந்த நம்பிக்கை என்றே எனக்குப் படுகிறது. மாணவர் பேரவைத் தேர்தலையே பாருங்கள். 1965 மொழிப்போராட்டத்தில் தலையெடுத்த மாணவர் தலைவர் பெ.சீனிவாசன், 1967-இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்தப் போராட்டத்தில் நின்ற இளவட்டங்களில் பலருக்கு அப்போது ஓட்டுரிமைகூட இல்லை. வயது 21 ஆக வேண்டியிருந்தது. ஆனால் கல்லூரிப் பேரவைத் தேர்தலில் துண்டறிக்கை அச்சடித்து, விடுதி அறை அறையாக ஏறி இறங்கி, தோற்றும் பழகியிருந்தார்கள். 1989-இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. பேரவைத் தேர்தலோ பெரும்பாலான வளாகங்களில் வழக்கொழிந்துவிட்டது. அடிதடி நடந்தது உண்மைதான். அதைத் தவிர்த்து நடத்தும் வழிகளை மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006-லேயே சொல்லியிருக்கிறது.

இப்போது ஜனவரி 25, வாக்காளர் தினத்தன்று கல்லூரி அரங்கில் எல்லோரும் கைநீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். மேடையில் அதை வாசிக்கும் மாணவர் தலைவரை, பல கல்லூரிகளில், துறைத்தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.