காஸ்ட்லி ஹெட்போன்... சவுண்ட் நிஜமாவே நல்லா இருக்கா? கண்டுபிடிப்பது எப்படி?

கடையில் இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். ஒன்று ‘செம’யாக இருக்கிறது. அவசரப்படாதீங்க! சத்தம் லேசாகக் கூடுதலாக இருந்தாலே, அதுதான் தரமானது என்று நமக்குத் தோன்றும்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பலமுறை கேட்டுப் பழகிய பாட்டைப் போடுங்கள். பேஸ் பாடகரின் குரலை அமுக்குகிறதா, ‘ஸ்’ ஒலி காதைக் குத்துகிறதா எனக் கவனியுங்கள். கண்ணாடி போடுபவரா? கழற்றாமலே கேளுங்கள். இயர்பேடில் இடைவெளி விழுந்தால் பேஸ் குறைந்துவிடும்.

விலையை நம்பலாமா?

2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள். பேஸ் முதல் கீச்சொலி வரை எது எவ்வளவு கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை. அதனால், விலையைப் பார்க்கும் முன் கண்ணை மூடிக் கேட்டுடுங்க!