ஓட்டு வந்தது, தொகுதி போனது: ரட்லாண்ட் கதை



தேர்தல் வந்தால் வரிசையில் நிற்கிறோம், விரலில் மை வைக்கிறார்கள், ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம். "இந்த ஓட்டு எப்பவும் இருக்கிறதுதானே" என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. பாராளுமன்றத்துக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஓட்டு வருவதற்குப் பல நூறு வருஷம் ஆனது. அந்த நாட்டின் ஒரு சின்ன கிராமப்புறத் தொகுதியின் கதையை வைத்து இதைத் தெரிந்துகொள்வோம்.

ரட்லாண்ட் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. 'கவுண்டி' என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளில் மிகவும் சிறியது ரட்லாண்ட்தான். பரப்பளவு சுமார் 150 சதுர மைல், நம்ம ஊரில் ஒரு தாலுகா அளவுதான் வரும். ஓக்கம், அப்பிங்கம் என்று இரண்டே சிறு நகரங்கள். மற்றதெல்லாம் வயலும், ஆடு மேயும் புல்வெளியும், கிராமங்களும்தான்.

இவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ரட்லாண்ட் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. அதுவும் ஒருவர் அல்ல, இரண்டு உறுப்பினர்கள்! பெரிய கவுண்டிகளுக்கும் இரண்டு, இதற்கும் இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது யார்?

நிலம் இருந்தால்தான் ஓட்டு

1430ல் ஒரு சட்டம் போட்டார்கள். வருஷத்துக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவருக்கு மட்டும்தான் கவுண்டித் தேர்தலில் ஓட்டு. கூலி வேலை செய்பவருக்கு இல்லை. சொந்த நிலம் இல்லாமல் பிறர் நிலத்தில் உழுதவருக்கும் இல்லை. 1700களில்கூட ரட்லாண்டில் ஓட்டு இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவுதான்.

பெண்கள் ஓட்டுப் போடுவது வழக்கத்திலேயே இல்லை. 1832ல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, புதிதாக ஓட்டுரிமை பெறுபவர் 'ஆண்' என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கணவனை இழந்து, சொந்த நிலத்தைத் தானே பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் ஓட்டு இல்லை. வரி மட்டும் கட்ட வேண்டும்!

எல்லோர் எதிரிலும் ஓட்டு

அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. எல்லோர் முன்னாலும் நின்று, "நான் இன்னாருக்குப் போடுகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். எழுத்தர் அதை நோட்டில் எழுதுவார். பல இடங்களில் அந்தப் பட்டியலை அச்சடித்தே வெளியிட்டார்கள். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று ஊருக்கே தெரியும்.

1832க்குப் பிறகு வருஷத்துக்கு 50 பவுண்டு கட்டும் குத்தகைக்காரர்களுக்கும் ஓட்டு கிடைத்தது. ஆனால் நிலச் சொந்தக்காரர் சொல்லும் ஆளுக்குப் போடாவிட்டால் அடுத்த வருஷம் குத்தகை இருக்குமா? யோசித்துப் பாருங்கள். நம்ம குழுவில் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்கச் சொன்னால் ஒரு மாதிரி நடக்கும், சீட்டு எழுதிப் போடச் சொன்னால் வேறு மாதிரி நடக்கும். அதே கதைதான்.

ரட்லாண்டில் நோயல், ஹீத்கோட், ஃபிஞ்ச் போன்ற சில பெரிய நிலக்காரக் குடும்பங்களின் கைதான் ஓங்கியிருந்தது. பல தேர்தல்களில் போட்டியே இருக்காது. பெரிய வீடுகளுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர் 1867லிருந்து 1907ல் இறக்கும்வரை 40 வருஷம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார்.

மாற்றம் வந்தது

1872ல் ரகசிய ஓட்டு முறை வந்தது. 1884ல் கிராமத்தில் வீடு வைத்திருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்கு மட்டும்தான். 1885ல் தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது ரட்லாண்டுக்கு இரண்டு உறுப்பினர் ஒன்றாகக் குறைந்தது.

பிறகு 1918ஆம் வருஷம் பிறந்தது. பெண்கள் பல காலமாகக் கூட்டம் போட்டு, மனு கொடுத்து, சிறைக்கும் போய்ப் போராடியதற்குப் பலன் கிடைத்தது. 30 வயதான பெண்களில், வீட்டு உரிமைத் தகுதி உள்ளவர்களுக்கும் அப்படிப்பட்டவர்களின் மனைவிமார்களுக்கும் ஓட்டு வந்தது. ஆண்களுக்கோ 21 வயதிலேயே!

அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. ஒரு உறுப்பினருக்குச் சுமார் 70,000 மக்கள் என்று கணக்கு வைத்துத் தொகுதிகளைப் பிரித்தார்கள். ரட்லாண்டில் இருந்ததோ சுமார் 20,000 பேர்தான். அதனால் பக்கத்துக் கவுண்டியின் ஸ்டாம்ஃபோர்டு பகுதியோடு சேர்த்து, 'ரட்லாண்ட் மற்றும் ஸ்டாம்ஃபோர்டு' என்று புதுத் தொகுதி ஆக்கினார்கள்.

இதன் அர்த்தம் என்ன? அறுநூறு வருஷத்துக்கு மேல் இருந்த ரட்லாண்ட் தனித் தொகுதிக்கு, அந்த ஊர்ப் பெண்கள் ஒரு தடவைகூட ஓட்டுப் போட உரிமை பெறவில்லை. ஓட்டு உரிமை ஒரு கதவு வழியாக உள்ளே வந்தது. தொகுதி இன்னொரு கதவு வழியாக வெளியே போய்விட்டது.

தொகுதி பெரிதானது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லோருடைய ஓட்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் சின்ன ஊர், பெரிய தொகுதிக்குள் கரைந்துபோனால் அதன் குரலும் கரையலாம். இரண்டையும் நாம் யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

1928ல்தான் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 21 வயதில் ஓட்டு கிடைத்தது. 1974ல் ரட்லாண்ட் கவுண்டியையே லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிட்டார்கள். மக்கள் சும்மா இருக்கவில்லை, விடாமல் கேட்டு 1997ல் தனி நிர்வாகத்தைத் திரும்பப் பெற்றார்கள். பாராளுமன்றத் தொகுதி மட்டும் பக்கத்துப் பகுதிகளோடு சேர்ந்தேதான் இருக்கிறது. 2019ல் முதல்முறையாக ஒரு பெண், அலிசியா கியர்ன்ஸ், அந்தப் பகுதிக்கு உறுப்பினராக வென்றார். 2024 தேர்தலிலும் அவரே வென்றார். ஓட்டு கிடைத்து நூறு வருஷம் கழித்துத்தான் இது நடந்தது!

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நம் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?

2. நம் ஓட்டு ரகசியமாக இருப்பதால் நமக்கு என்ன பாதுகாப்பு?

3. நம் குழுவில் 18 வயது நிரம்பிய எல்லோருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? கல்யாணமாகி வந்த மருமகள்களின் பெயரைச் சேர்த்தாயிற்றா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்துக்குள் பெயரைச் சேர்க்க மனு கொடுத்துவிடுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.