கடைசிப் பத்து மீட்டரில் கோட்டை விடுகிறீர்களா?

பாதி மைதானத்துக்கு மேல் டிஸ்க் கை மாறி, கை மாறி அழகாக வந்துவிடுகிறது. இன்னும் பத்து மீட்டர் போனால் பாயின்ட். அங்கேதான் சொதப்பல்! எல்லோரும் ‘எனக்கு, எனக்கு’ என்று கோட்டுக்குள் பாய்கிறார்கள். டிஸ்க் வைத்திருப்பவர் பதறிப்போய் எறிய, அது மணலில் விழுகிறது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. புல்தரையில் அணிக்கு 7 பேர், மணலில் 5 பேர். புல்தரை மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டருக்கு ‘எண்ட் ஸோன்’. அதற்குள் டிஸ்க்கைப் பிடித்தால் ஒரு பாயின்ட். டிஸ்க்கோடு ஓடக்கூடாது, எதிரணியின் மார்க்கர் 10 எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். கீழே விழுந்தால் அது எதிரணிக்கு.

எண்ட் ஸோனை நெருங்க நெருங்க ஓட இடம் குறைகிறது. தலைக்கு மேலே நீளமாக எறிந்துவிடுவார்களோ என்ற பயமும் தடுப்பவர்களுக்கு இல்லை. அதனால் அங்கே தேவை கை பலம் அல்ல. இடம் விட்டுக் கொடுக்கும் பழக்கம். அதற்கான பயிற்சிகள் இதோ...

மூலைக்கு ஓடுங்கள்

எண்ட் ஸோன் நடுவில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்க வேண்டும். கோட்டுக்கு வெளியே ஏழெட்டு மீட்டர் தள்ளி, எறிபவர். முதலில் நிற்பவர் உள்ளே இரண்டு அடி ஓடுவதுபோல பாவனை காட்டிவிட்டு, சட்டெனத் திரும்பி முன் மூலைக்கு ஓட வேண்டும். ஆள் இருக்கும் இடத்துக்கு எறியாதீர்கள். அவர் வந்து சேரப்போகும் இடத்துக்கு எறியுங்கள். மற்ற மூவரும் அசையக்கூடாது. இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து.

பின்னால் கொடுப்பது தோல்வியல்ல

ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டால் அடம்பிடித்து முன்னால் எறிவதே பலரும் செய்யும் தவறு. மார்க்கர் ‘ஆறு’ என்றதும், பின்னால் நிற்கும் தோழருக்குக் கொடுங்கள். அவர் உடனே மறுபக்கம் தள்ளிவிட, அங்கிருப்பவர் எதிர் மூலைக்கு ஓடுபவருக்கு எறிய வேண்டும். மூன்றே எறிதல்கள். தடுப்பவர்கள் திரும்பி ஓடி வருவதற்குள் பாயின்ட் விழுந்துவிடும்.

மார்க்கரை ஏமாற்றுங்கள்

எறிபவர், மார்க்கர், பிடிப்பவர் என மூன்று பேர் போதும். ஒரு காலை ஊன்றி, மறு காலை இருபுறமும் மாற்றி வைத்து, ஃபோர்ஹேண்ட் பாவனை காட்டி பேக்ஹேண்டில் எறியுங்கள். மார்க்கர் சத்தமாக எண்ண வேண்டும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் போட்டியில் கை நடுங்காது.

அப்பளம்போலப் பிடியுங்கள்

நெஞ்சுக்கு நேராக வரும் டிஸ்க்கை ஒரு கையால் பிடித்து சாகசம் காட்ட வேண்டாம். ஒரு உள்ளங்கை மேலே, ஒன்று கீழே. நடுவில் அப்பளம் இருப்பதாக நினைத்து மூடுங்கள். பயிற்சி முடிந்து களைத்த நிலையில் இருபது முறை பிடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஆட்டத்தின் கடைசி பாயின்ட்டும் களைப்பில்தான் வரும்!

எல்லோர் கையும் பட வேண்டும்

கலப்பு அணிகளில் ஒரு குறை உண்டு. மூலையில் ஒரு பெண் தனியாக, தடுக்க ஆளில்லாமல் நிற்பார். ஆனாலும் இரண்டு பேர் மறித்து நிற்கும் நண்பனுக்கே டிஸ்க் போகும். பாயின்ட் போவதோடு, அந்தப் பெண் அடுத்த முறை ஓடுவதையே நிறுத்திவிடுவார். இதற்கு மருந்து, மூன்றுக்கு மூன்று ஆட்டம். கோட்டிலிருந்து பத்து மீட்டரில் தொடங்குங்கள். மூவர் கையிலும் டிஸ்க் பட்டிருந்தால்தான் பாயின்ட் செல்லும். பத்து வாய்ப்பில் எத்தனை பாயின்ட் என்று மொபைலில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. கோட்டுக்கு வெளியே கால் பட்டிருந்தால், பிடித்தவரே ‘அவுட்’ என்று சொல்ல வேண்டும். 14-14 என்று ஸ்கோர் நிற்கும்போது அதைச் சொல்ல மனசு வராது. அதனால் பயிற்சியிலேயே சொல்லிப் பழகுங்கள். அதுவும் ஒரு பயிற்சிதான்!