ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்

சென்னையில் வேலை, சென்னையில் வீடு, இஎம்ஐயில் ஒரு கார். இந்த மூன்றும் அமைந்துவிட்ட குடும்பத்தில் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு எங்கே போகலாம்? ஈசிஆர் அலுத்துவிட்டது. மாமல்லபுரம் பார்த்தாயிற்று, காஞ்சிபுரம் போய்ப் புடவையும் எடுத்தாயிற்று. அப்புறம் மேற்கே திரும்ப வேண்டியதுதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் டிபன் நேரத்துக்குத் திருத்தணி. மலைமேல் வரை தார்ச்சாலை இருப்பதால் 365 படிகளையும் ஏறவேண்டிய கட்டாயம் இல்லை. அங்கிருந்து சோளிங்கர். யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏறவேண்டிய பெரிய மலைக்கு 2024 மார்ச்சில் ரோப்கார் வந்ததிலிருந்து முழங்கால் வலிக்காரர்களும் தைரியமாகக் காரில் ஏறிவிடுகிறார்கள். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் திருவாலங்காடு, இருட்டுவதற்குள் பூந்தமல்லி. நல்ல பயணம்தான். எங்கே சாப்பிடலாம், எங்கே வண்டியை நிறுத்தலாம் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சாலையில் போகும் இன்னொரு வகைக் காரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கார் திருத்தணியில் நிற்பதில்லை. ஓட்டுகிறவர் மலையைப் பார்த்து ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நேராகப் போவார். ஆர்.கே.பேட்டைக்குள் நுழைந்து, தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் திரும்பி, தான் பிறந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். அப்போது மணி பத்து இருக்கும். சாயங்காலம் நாலு, நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார்.

ராமகிருஷ்ணராஜுபேட்டை என்பது ஊரின் முழுப்பெயர். அந்தப் பெயரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசும் எல்லையோர ஊர். இந்த எல்லை எங்கே என்று ஒரு போராட்டமே நடந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு இந்த வட்டாரமும் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆர்.கே.பேட்டை, வங்கனூர், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று அடுத்தடுத்து நெசவு ஊர்கள். கைத்தறி இருந்த இடத்தில் பெரும்பாலும் விசைத்தறி வந்துவிட்டது. 2023-இல் அரசு விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. ஆனாலும் தறி ஓட்டிச் சம்பாதிப்பதைவிடப் பிள்ளையைப் படிக்கவைத்து வெளியே அனுப்புவதே மேல் என்று பெற்றவர்களே முடிவு செய்து ரொம்ப நாள் ஆகிறது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் ஓஎம்ஆர் கம்பெனிகளுக்கும் போனார்கள். ஊருக்கு ரயில் கிடையாது. 2006-07-இல் அனுமதி வாங்கிய திண்டிவனம் – நகரி ரயில் பாதை இந்தப் பக்கம் வரும் வரும் என்று ஒரு தலைமுறையே காத்திருந்தது. ஆகவே, கையில் பணம் சேர்ந்ததும் எல்லாரும் வாங்கியது கார்.

கார் வாங்குவதற்கு முன் இவர்கள் ஊருக்கு எப்படி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்து மின்சார ரயிலில் திருத்தணி, அங்கே இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு. கதவைத் தட்டினால் அம்மா எழுந்து சோறு போடுவார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் அப்பாவோடு ஒரு மணி நேரம். ஞாயிறு முழுக்க ஊர். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ். இரண்டு ராத்திரி. மாதம் ஒருமுறைதான் வர முடிந்தது என்றாலும் அந்த ஒருமுறையில் இரண்டு ராத்திரிகள் இருந்தன.

இப்போது மாதம் இரண்டு தடவை, சிலர் வாரா வாரம்கூட வருகிறார்கள். ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. போக்குவரத்து சிரமமாக இருந்தபோது தங்கினார்கள். சிரமம் தீர்ந்ததும் தங்கல் போய்விட்டது. தூரத்தைச் சுருக்கித் தந்த கார், தங்குவதற்கான அவசியத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெற்றவர் வீடு இன்று திருத்தணி, சோளிங்கர் போல ஒரு நாளில் போய்த் திரும்பும் இடங்களில் ஒன்று.

அந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். கார் தெருமுனை திரும்பும்போதே அப்பா தறியை நிறுத்திவிடுகிறார். விசைத்தறி ஓடும் வீட்டில் பேச முடியாது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும் அடியில் எதிரில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. மோட்டார் நின்றதும் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. அம்மா விடியற்காலையே எழுந்து கறிக்குழம்புக்கு மசாலா அரைத்து வைத்திருப்பார். பேரப்பிள்ளைகள் வந்ததும் சார்ஜர் போட இடம் தேடும். பிளக் பாயின்ட் எல்லாம் தறிப் பக்கமே இருக்கும். சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு மொய், சித்தப்பா வீட்டில் ஒரு காபி. மூன்று மணிக்கே டிக்கியில் சாமான் ஏறத் தொடங்கும். அரிசி, வேர்க்கடலை, வெல்லம், சீசன் என்றால் மாங்காய். “லேட் பண்ணாதீங்க, திருவள்ளூர் தாண்டினா டிராபிக்” என்று அவசரப்படுத்துபவர் பெரும்பாலும் அப்பாதான். கார் போன பிறகு அவர் திரும்பவும் மோட்டாரைப் போடுகிறார், நின்றுபோன நேரத்தை ராத்திரி ஓட்டிச் சரிக்கட்ட.

மகன் பார்க்காமல் போவது அந்த ராத்திரியைத்தான்.

என் கவலை முழுக்க அதைப் பற்றியே. பகலில் போய்ப் பார்த்தால் எல்லாப் பெற்றோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, முகத்தில் சிரிப்போடு வாசலில் நிற்பார்கள். பிள்ளை வருகிற நாளில் வலி இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். வயதானவர்களின் உடம்பு தன் நிஜத்தைக் காட்டுவது ராத்திரியில். எத்தனை தடவை எழுகிறார், எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாரா, பாத்ரூம் வாசலில் விளக்கு இருக்கிறதா, படுத்தால் இருமல் அதிகமாகிறதா, சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாரா பின்னால் போடுகிறாரா, அல்லது மறந்தேபோய் மறுநாள் இரண்டாகப் போடுகிறாரா. இதையெல்லாம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: எங்களுக்கு என்னப்பா, நல்லா இருக்கோம்.

தறிக்காரர் விஷயத்தில் இன்னும் ஒன்று உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு. விசைத்தறிக் கூடங்களில் சத்தம் அதைத் தாண்டுவது சாதாரணம். முப்பது, நாற்பது வருடம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தவரின் காது மெல்ல மெல்லக் கேட்காமல் போகிறது. பகலில் நான்கைந்து பேர் கூடிச் சத்தமாகப் பேசும்போது அது தெரியாது. அவரும் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஏதாவது கேளுங்கள், பதில் வராது. அப்போதுதான் உங்களுக்குத் தெரியும், மூன்று மாதமாகப் போனை ஏன் அம்மாவே எடுக்கிறார் என்று.

மழைக்காலத்தில் இந்தத் தூரமே இன்னொரு கவலை. 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டுக் கொசஸ்தலை ஆறு பெருகியபோது பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. கார் இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்ற நிம்மதி அன்றைக்கு யாருக்கும் உதவியிருக்காது.

இதைச் சட்டம் போட்டுச் சரிசெய்யப் பார்த்தவர்களும் உண்டு. சீனாவில் 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் முதியோர் பாதுகாப்புச் சட்டம், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறது. நம் நாட்டில் பெற்றோருக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புத் தொகையைப் பற்றிப் பேசுகிறது. பணம் கொடுக்கச் சொல்கிறது ஒன்று, போய்ப் பார்க்கச் சொல்கிறது மற்றொன்று. கூட ஒரு ராத்திரி இருக்கச் சொல்லச் சட்டத்தால் முடியாது. அது பிள்ளைகளாகப் பார்த்துச் செய்யவேண்டியது.

ஊரின் ராத்திரியில் இருப்பது முதுமையும் நோயும் மட்டும் இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் அக்கினி வசந்த உற்சவம் என்றால் பதினெட்டு நாள் பாரதம். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மண்ணில் அத்தனை பெரிய உருவம் செய்து கிடத்தியிருப்பார்கள். சாயங்காலம் தீமிதி. நகரத்துப் பிள்ளைகள் படுகளத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தீமிதியை முடித்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள், சிலர் அதற்கும் முன்னாலேயே. கூத்து இல்லாமல் பார்த்த பாரதம் பாதி பாரதம்தான். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கீழே பாயில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில், பாட்டியின் மடியில் தலைவைத்துக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பாய் கிடைக்கவில்லை. திருத்தணியிலும் அப்படித்தான். டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறும் திருப்படித் திருவிழா ராத்திரிக்கு உரியது. சோளிங்கரில் கார்த்திகை ஞாயிறுக்கு முதல்நாளே வந்து மலையடிவாரத்தில் தங்கி, தக்கான் குளத்தில் குளித்துவிட்டு ஏறுவது பெரியவர்களின் வழக்கம்.

வாரா வாரம் ஆறு மணி நேரமாவது வருகிறார்களே, அதுவே பெரிசு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமையும் வேலை இருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை உள்ளவர்களும் ஞாயிறு காலையில்தான் கிளம்புகிறார்கள் என்பதற்கு அது பதிலாகாது.

ஏன் தங்குவதில்லை என்று கேட்டால் மெல்லத்தான் உண்மைக் காரணம் வெளியே வரும். படுக்க இடமில்லை. மகன் சின்ன வயதில் படுத்துத் தூங்கிய கூடத்தில் இப்போது இன்னொரு தறி நிற்கிறது. அவன் படிப்புக் கடனை அடைக்கப் போட்ட தறியாகவும் இருக்கலாம். பாத்ரூம் கொல்லைப்புறத்தில். குழந்தைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் பழக்கம். மருமகளுக்கு உடை மாற்றத் தனியறை இல்லை. கொசு. மின்விசிறி ஒன்றுதான். இவையெல்லாம் நிஜமான சிரமங்கள். மருமகள்களைக் குறை சொல்லிப் பேசுவது ஊரில் சுலபமாக நடக்கிறது. அறை இல்லாத வீட்டில் ராத்திரி தங்கச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்?

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். எட்டு, பத்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறோம். அந்தக் காரின் ஒரு வருட இஎம்ஐயைத் தள்ளிவைத்தால் ஊர் வீட்டில் ஒரு அறையும், ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூமும் கட்டத் தொடங்கிவிடலாம். அறை இருந்தால் தங்கல் தானாக வரும். பெற்றவர்கள் ராத்திரி எழுந்து கொல்லைக்குப் போவதும் நிற்கும். அதிகாலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அதற்குப் பிறகு எழுந்து நடக்காமலே போன தாத்தா பாட்டிகள் இல்லாத குடும்பம் எது? அப்படி ஒரு போன் வந்து நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் அந்த அறையைக் கட்டிவிடுங்கள்.

அதுவரைக்கும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டோடு சென்னையை விட்டுக் கிளம்புங்கள். கொசுவலையும் ஒரு டேபிள் ஃபேனும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுங்கள். ராத்திரி மாத்திரை டப்பாவை நீங்களே எடுத்து, எது எந்த வேளைக்கு என்று ஒருமுறை சரிபாருங்கள். விளக்கை அணைத்த பிறகு அப்பாவிடம் ஏதாவது பேசிப் பாருங்கள்; அவர் காதில் விழவில்லை என்றால் திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அவரைக் காது டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.