சூரியனின் காந்தமும் அதன் பிரகாசமும்



சூரியனின் மேற்பரப்பில் சில காலங்களில் கரும்பொட்டுகள் பல தோன்றுகின்றன. இவை சூரியப் பொட்டுகள் எனப்படும். இவை அதிகரிக்கும் காலத்தில் சூரியனின் பிரகாசம் கூடுமா, குறையுமா? "குறையும்" என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் செய்மதிகள் மூலம் பெறப்பட்ட அளவீடுகள் இதற்கு எதிரான விடையைத் தருகின்றன. பொட்டுகள் மிகுந்த ஆண்டுகளில் சூரியன் சற்றுக் கூடுதலாகவே பிரகாசிக்கின்றது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வோம்.

1. சூரியனில் காந்தப்புலம் தோன்றுதல்

சூரியனின் அகணியில் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாக மாறும்போது சக்தி வெளிவிடப்படுகின்றது. இச்சக்தி வெளிப்புறப் படையினூடாக மேற்காவுகை மூலம் மேலே வருகின்றது. உலையில் நீர் கொதிக்கும்போது சூடான நீர் மேலெழுந்து, குளிர்ந்த நீர் கீழிறங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

சூரியனிலுள்ள வாயு அயன்களையும் சுயாதீன இலத்திரன்களையும் கொண்டது. ஆகவே அது மின்னைக் கடத்தும். அத்தோடு சூரியன் ஒரு திண்மப் பந்து போலச் சுழல்வதில்லை. மத்திய கோட்டுப் பகுதி ஒரு முறை சுழல ஏறத்தாழ 25 நாட்கள் எடுக்கும். முனைவுகளுக்கு அண்மையில் அதற்கு 30 நாட்களுக்கு மேல் செல்லும். மின்னைக் கடத்தும் வாயுவின் இவ்வசைவுகளால் காந்தப்புலம் உருவாகின்றது. காந்த விசைக்கோடுகள் இழுபட்டு, முறுக்கப்பட்டு, சில இடங்களில் மேற்பரப்பைத் துளைத்து வெளிவருகின்றன.

2. கரும்பொட்டுகள்

1908 இல் அமெரிக்க வானியலாளர் ஜோர்ஜ் எலரி ஹேல், சூரியப் பொட்டிலிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பிரிவதை அவதானித்து, அங்கு வலிமையான காந்தப்புலம் உண்டெனக் காட்டினார். பெரிய பொட்டொன்றில் இப்புலம் ஏறத்தாழ 0.3 தெசுலா ஆகும். இது புவிக் காந்தப்புலத்தைப் போல் பல ஆயிரம் மடங்காகும்.

இவ்வளவு வலிமையான புலம் வாயுவின் மேற்காவுகையைத் தடை செய்கின்றது. கீழிருந்து வரும் வெப்பம் குறைவதால் அவ்விடம் குளிர்கின்றது. சூரிய மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5800 கெல்வின். பொட்டின் நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 4000 கெல்வின். இதனால் பொட்டின் நடுவில் ஒரு சதுர மீற்றரிலிருந்து வெளிவரும் சக்தி, சாதாரண மேற்பரப்பின் ஒரு சதுர மீற்றரிலிருந்து வருவதில் நான்கில் ஒரு பங்களவே. பொட்டு உண்மையில் கரியதன்று. சூழவுள்ள பகுதி மிகப் பிரகாசமாக இருப்பதாலேயே அவ்வாறு தோன்றுகின்றது.

3. பிரகாசத் திட்டுகள்

பொட்டுகளைச் சூழவும் வேறு இடங்களிலும் காந்தப்புலம் மிக மெல்லிய குழாய்கள் போல மேற்பரப்பைத் துளைத்து நிற்கும். குழாயினுள் காந்தப்புலத்தின் அமுக்கமும் சேர்வதால் அங்கு வாயுவின் அடர்த்தி குறைவு. ஆகவே அதன் பக்கச் சுவர்களிலுள்ள சூடான வாயுவின் ஒளி நமக்குத் தெரிகின்றது. குழாய் மெல்லியதாகையால் சுவர்களின் வெப்பம் உள்ளேயும் பரவுகின்றது. இவ்வாறான குழாய்கள் கூட்டமாக உள்ள இடங்களே பிரகாசத் திட்டுகள் ஆகும்.

ஒரு சதுர மீற்றரை மட்டும் நோக்கினால், பொட்டினால் ஏற்படும் குறைவே பெரிது. ஆனால் திட்டுகள் பரப்பளவில் பொட்டுகளைவிடப் பல மடங்கு பெரியவை. பொட்டுகள் மறைந்த பின்னரும் நிலைத்திருப்பவை. எனவே ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்க்கும்போது திட்டுகளின் விளைவே மேலோங்குகின்றது.

4. அளவீடுகள் கூறுவது என்ன?

ஜேர்மனியைச் சேர்ந்த ஹைன்றிக் ஷ்வாபே 1826 முதல் பொட்டுகளை எண்ணி வந்து, அவை ஒழுங்கான கால இடைவெளியில் கூடிக் குறைவதை 1844 இல் வெளியிட்டார். இவ்வட்டத்தின் சராசரிக் காலம் ஏறத்தாழ 11 ஆண்டுகள். ஆனால் பிரகாச மாற்றத்தைப் புவியிலிருந்து அளக்க முடியவில்லை; வளிமண்டலம் அதற்குத் தடையாக இருந்தது. 1978 முதல் செய்மதிகள் அதனைத் தொடர்ந்து அளந்து வருகின்றன.

புவியின் வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீற்றருக்குக் கிடைக்கும் சூரிய வலு ஏறத்தாழ 1361 உவாற்று ஆகும். 11 ஆண்டு வட்டத்தில் இது ஏறத்தாழ 0.1% மாறுகின்றது.

மாற்றம் = 1361 × 0.1 ÷ 100 = ஏறத்தாழ 1.4 உவாற்று

ஆயினும் பெரிய பொட்டுக் கூட்டமொன்று நம்மை நோக்கியிருக்கும் சில நாட்களில் பிரகாசம் குறையவும் கூடும். 2003 ஒக்டோபர் இறுதியில் அது ஏறத்தாழ 0.3% குறைந்தது. ஆகவே நாட்கணக்கில் பொட்டுகளும், ஆண்டுக்கணக்கில் திட்டுகளும் முதன்மை பெறுகின்றன.

5. ஏனைய உடுக்கள்

சூரியனை ஒத்த உடுக்களும் இவ்வாறு மாறுகின்றன. 1966 இல் மவுண்ட் வில்சன் அவதானிப்பு நிலையத்தில் ஒலின் வில்சன் அவற்றின் காந்தச் செயற்பாட்டைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். பின்னர் அவற்றின் பிரகாசமும் அளக்கப்பட்டபோது முக்கிய வேறுபாடொன்று தெரியவந்தது. இளம் உடுக்கள் விரைவாகச் சுழல்வதால் அவற்றின் காந்தப்புலம் வலிமையானது. பொட்டுகள் மிகப் பெரியவை. அவை காந்தச் செயற்பாடு கூடும்போது மங்குகின்றன. ஏறத்தாழ 4600 மில்லியன் ஆண்டு வயதுடைய சூரியன் போன்ற முதிர்ந்த உடுக்களோ பிரகாசமடைகின்றன.

6. இதனை அறிவதன் பயன்

(அ) புவி வெப்பமடைவதற்குச் சூரியனே காரணம் எனச் சிலர் கூறுவர். 1978 முதலான அளவீடுகளில் சூரிய வலு 11 ஆண்டு வட்டத்தில் கூடிக் குறைகின்றதேயன்றித் தொடர்ந்து அதிகரிக்கவில்லை. புவியின் வெப்பநிலையோ உயர்ந்து வந்துள்ளது. ஆகவே காரணம் காபனீரொட்சைட்டு முதலிய பச்சைவீட்டு வாயுக்களே.

(ஆ) புவியளவான கோளொன்று சூரியனளவான உடுவின் முன்னால் செல்லும்போது அதன் ஒளி 0.01% இலும் குறைவாகவே மங்கும். உடுவின் பொட்டுகளால் ஏற்படும் மாற்றம் இதனைவிடப் பெரிதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாது அத்தகைய கோளைக் கண்டறிய முடியாது.

எச்சரிக்கை: சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைகாட்டியாலோ நேரடியாக ஒருபோதும் பார்க்க வேண்டாம். பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம்.

பயிற்சி வினாக்கள்

1. சூரியப் பொட்டு சூழவுள்ள பகுதியைவிடக் குளிர்ந்திருப்பது ஏன்?
2. பொட்டுகள் மிகுந்த ஆண்டுகளில் சூரியன் கூடுதலாகப் பிரகாசிப்பதை விளக்குக.
3. சூரிய வலு 1361 உவாற்றிலிருந்து 0.3% குறைந்தால், குறைவு எத்தனை உவாற்று?

விடைகள்

1. வலிமையான காந்தப்புலம் மேற்காவுகையைத் தடுப்பதால் கீழிருந்து வரும் வெப்பம் குறைகின்றது.
2. அவ்வாண்டுகளில் பிரகாசத் திட்டுகளும் அதிகரிக்கின்றன. அவை பரப்பிலும் நிலைத்திருக்கும் காலத்திலும் பொட்டுகளை மிஞ்சுவதால், அவற்றால் கூடும் ஒளி பொட்டுகளால் குறையும் ஒளியைவிட அதிகமாகும்.
3. 1361 × 0.3 ÷ 100 = ஏறத்தாழ 4.1 உவாற்று.